சிவந்த கழுத்தில் வெள்ளை வேல்

அத்தியாயம் 3

முந்தைய இரண்டு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். முதலாவதில் நிகத் என்ற பெண் கிழக்குத் தாம்பரத்தில், செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு வந்து அழுதாள். இரண்டாவதில் என் முதலாளி சாலமோன் மூன்று டீ குடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

சாலமோன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் சர்வேயராக இருந்தவர். எரிந்துபோன கடையைப் பார்த்து, தானாக எரிந்ததா, ஓனரே எரித்தாரா என்று சொல்வது அவர் வேலை. அந்த வேலை மனிதர்கள் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. அதன் பிறகு அவர் துப்பறிவாளர் ஆகாமல் வேறு என்ன ஆவார்? நான் ஜெயஸ்ரீ, அவருடைய உதவியாளர். டைப் அடிப்பேன், ஸ்கூட்டி ஓட்டுவேன், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய இடத்தில் திறப்பேன்.

கேஸ் இதுதான். நிகத்தின் புருஷன் உஸ்மான் பம்மலில் வெல்டர். செவ்வாய்க்கிழமை காலை கத்தார் விமானத்தில் ஏற வேண்டியவன். சனிக்கிழமை காலை போலீஸ் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டது. பொழிச்சலூர் ஏகநாதன் வீட்டு மொட்டை மாடி அறையில், பீரோவில் இருந்த நிலத்தின் மூலப்பத்திரத்தைக் காணோம். ஜன்னல் கம்பியை வெட்டி, உள்ளே நுழைந்து, பத்திரத்தை எடுத்துக்கொண்டு, வெட்டிய கம்பியைத் திரும்ப வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான் திருடன். அந்த மாடியில் மூன்று நாளாகப் படிக்கட்டுக்குக் கிரில் கதவு செய்துகொண்டிருந்தவன் உஸ்மான். இதற்கு மேல் போலீஸுக்கு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தோம்.

"கேஸ் முடிஞ்சுபோச்சு சார்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சவுரிமுத்து. "சாயங்காலம் ஆறு மணிக்கு எஃப்.ஐ.ஆர். போடறேன். ஏகநாதன் பெரிய மனுஷன். காலையிலேருந்து நாலு போன் பண்ணிட்டாரு."

"பத்திரம் கிடைச்சுதா?" என்று கேட்டார் சாலமோன்.

"இல்ல."

"அப்ப முடிஞ்சது எது?"

"ஆள் கெடச்சுட்டான்ல?"

எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் முடங்கும், விசா போகும். இரண்டு வருஷம் ஏஜென்டுகள் வாசலில் நின்று வாங்கிய வேலை ஆறு மணிக்கு மேல் வேறு யாருக்கோ போய்விடும். இது சவுரிமுத்துவுக்கும் தெரியும். தெரிந்துதான் காதுக்குள் தீக்குச்சியை விட்டுச் சாவகாசமாகக் குடைந்துகொண்டிருந்தார்.

உஸ்மான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். மின்விசிறி ஓடாத அந்த வராண்டாவில் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டனையும் பூட்டியிருந்தான்.

"இந்தப் புழுக்கத்துல கழுத்துப் பட்டன் எதுக்குப்பா?" என்றேன்.

"பழக்கமாயிடிச்சுக்கா. கத்தாருக்கு ட்ரேட் டெஸ்ட் வச்சாங்கல்ல, அதுல மொத அத்ததான் பாத்தாங்க. கையில வெல்டிங் கன்ன எடுக்கறதுக்கு முன்னால காலரு மூடிகீதா, ஷூ போட்டுகீறியான்னு. போன வாட்டி மேல் பட்டன் தொறந்துகீதுன்னு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"உன் மிஷின் பத்திச் சொல்லு," என்றார் சாலமோன்.

அதைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. லாக்கப் வாசலில் உட்கார்ந்திருப்பதே மறந்து போயிற்று.

"எம் மச்சான் ஷார்ஜாலேருந்து கொண்டாந்தாரு சார். சூட்கேஸ் மாரி கையில தூக்கிகினு போலாம். வூட்டு பவர் பிளக்லயே ஓடும். ராடு கெடியாது, உள்ள கம்பிச் சுருள் கீது. கன்ல பட்டன அழுத்துனா கம்பி தானா வந்துகினே இருக்கும். கேஸ் சிலிண்டரும் வாணாம், கம்பிக்குள்ளயே மருந்து கீது. இந்தப் பக்கம் என்னாண்ட மட்டும்தான் கீது."

"அப்ப யார் வேணா அடிக்கலாம்?"

"பட்டன யாரு வேணா அழுத்தலாம் சார். அதான் பேஜாரே. சுளுவா கீதுன்னு மாஸ்க் இல்லாம குந்திடுவாங்க. கூலிங் கிளாஸ் போதும்னு நெனச்சிக்குவாங்க. அந்த வெளிச்சம் அப்ப ஒண்ணும் பண்ணாது. அஞ்சாறு மணி நேரம் கழிச்சு வேலையக் காட்டும். ராத்திரி பூரா ரெண்டு கண்ணுலயும் மணல் கொட்னா மாரி இருக்கும், ரெண்டு நாள்ல போயிடும். தொறந்து கீற தோலும் வெந்துடும். அப்பறம் சுத்துபட்டுல பேப்பரு, துணி, தின்னரு எதுவும் இருக்கக் கூடாது. மூடி கீற டப்பாவ, உள்ள இன்னா கீதுன்னு தெரியாம தொடவே கூடாது…"

வேலையும் மானமும் ஆறு மணிக்குப் போகப்போகிறது. இவன் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சு?" என்றார் சாலமோன்.

"பன்னெண்டரைக்கு ஜும்மாவுக்குக் கெளம்பிட்டேன். பிளக்கப் புடுங்கி, கம்பி முனைய வெட்டி வச்சிட்டுத்தான் போனேன். தொழுதுட்டு, சாப்ட்டு, மூணு மணிக்கு வந்தா பிளக்கு சொருகி கீது. கம்பி உருகி கன்னோட ஒட்டிகினு கீது. சுருள்ல கால்வாசி காலி. ஐயாவக் கேட்டேன். பேரப் புள்ளைங்க வெளையாடிருக்கும்னாரு."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"புள்ளைங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆவலியான்னுதான் கேட்டேன். ஆவலன்னாரு."

வெளியே புங்க மரத்தடியில் நிகத் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றாள். அவன் சாப்பிடவில்லை, அதனால் இவளும் சாப்பிடவில்லை. "அக்கா, ஆறு மணிக்குள்ள ஆயிடுமா?" என்று கேட்டாள். "ஆயிடும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று பம்மல் தாண்டும்வரை எனக்கே தெரியவில்லை.

அது 2006 நவம்பர். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது, ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ. வழியெல்லாம் பூக்காரம்மாவிலிருந்து பஸ் கண்டக்டர் வரை கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பும் ஊர் எங்களுடையது.

ஏகநாதன் வீடு, ஒரு காலத்தில் அவர்களுடைய நெல் வயலாக இருந்த இடத்தில் நின்றது. கீழே இருவர் வாசலிலேயே வரவேற்றார்கள். இருவரும் கறுப்புக் கண்ணாடி. பெரியவர் ஏகநாதனுக்கு அறுபது வயது. வெள்ளை வேட்டி, கழுத்தைச் சுற்றித் துண்டு.

"வாங்க சார். கிட்ட வராதீங்க, மெட்ராஸ் ஐ. வூட்ல அல்லாருக்கும் கீது."

இன்னொருவர் அவருடைய மாப்பிள்ளை வெற்றிவேல், மனை விற்பவர். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதே கையை நீட்டினார். சாலமோன் தூரத்திலேயே கும்பிடு போட்டுத் தப்பித்தார். நான் மரியாதைக்காகக் கை குலுக்கினேன். உள்ளங்கையில் ஒரு விசிட்டிங் கார்டும் வந்து விழுந்தது.

"அப்ரூவ்டு பிளாட் ஏதாச்சும் வேணும்னா கூப்பிடுங்க மேடம்," என்றார் வெற்றிவேல். "பத்திரம் போன டைமிங்கைப் பாருங்க சார். மாமாவோட தங்கச்சி தனக்கோடி அத்தை நிலத்துல பங்கு கேட்டு நோட்டீஸ் விட்டிருக்காங்க. நாளைக்கு ஒரிஜினலோட வக்கீல் ஆபீஸுக்குப் போகணும். கரெக்டா இப்பத்தான் தொலையணுமா?"

மனை வியாபாரி, கறுப்புக் கண்ணாடி, அளவுக்கு மீறிய பேச்சு. எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. சவுரிமுத்துவைப் போலவே எனக்கும் பொருளைப் பற்றிக் கவலையில்லாமல் போனது.

மொட்டை மாடியில் ஏறினோம். உஸ்மானின் மிஷின், பாதி முடிந்த கிரில் கதவு, கொடியில் துணிகள். ஏகநாதன் "வெள்ளிக்கிழமை நான் பாட்டுக்கு—" என்று ஆரம்பித்தபோது தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. பொழிச்சலூரில் விமானம் வந்தால் எல்லாரும் வாயைத் திறந்தபடி நிறுத்துவார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். "—கீழ தூங்கிகினு இருந்தேன்," என்று முடித்தார்.

நான் சுவரில் பதித்திருந்த ஒரு பழைய இரும்புப் பெட்டி மேல் கையை ஊன்றினேன். ஓரமெல்லாம் கரடுமுரடாக உள்ளங்கையைக் குத்தியது.

"கைய வைக்காதம்மா, துரு," என்றார் ஏகநாதன் அவசரமாக. "வயக்காட்டு பம்ப்செட்டு சுவிட்சுப் பொட்டி அது. கிணத்தத் தூத்தப்ப நெனப்புக்கு எடுத்தாந்து வச்சிகினேன்."

ஓரத்துக் கரடுமுரடு புறா எச்சமாக இருக்கும் என்று கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டேன்.

ஜன்னலில் நாலு கம்பிகளின் நடுவே வெல்டிங் கட்டிகள். சப்பாத்தி மாவைக் கிள்ளி அப்பியது போல இருந்தன. பக்கத்திலேயே உஸ்மான் செய்த கிரில் கதவின் இணைப்புகள் சீராக, சின்னதாக இருந்தன. இரண்டும் ஒரே கை செய்தது என்று சொல்ல போலீஸாகத்தான் இருக்க வேண்டும்.

"ரூம் சாவி யாருகிட்ட இருக்கும்?" என்றார் சாலமோன்.

"என் இடுப்புலதான். வேற யாராண்டயும் கெடியாது."

பூட்டைத் திறந்து உள்ளே போனோம். மூடியிருந்த ஜன்னல் கதவை சாலமோன் உட்பக்கமாகத் திறந்தார். போலீஸ் வெளியே நின்று பார்த்ததோடு சரி, இந்தப் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. கம்பியின் பின்புறம் விரலை ஓட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். சூட்டில் பச்சை பெயின்ட் கொப்பளித்திருந்தது. வெட்டு? ஒரு கீறல்கூட இல்லை. நாலு கம்பியும் மேலிருந்து கீழ்வரை முழுசாக இருந்தன.

"வெட்டாத கம்பியை ஒட்ட வச்சிருக்கான்," என்றேன். "பொறுப்பான திருடன் பாஸ்."

"வெட்டாம உள்ள எப்படி வந்தான்?"

"கதவு வழியா. சாவியோட."

"அப்ப ஜன்னல்ல எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"வெல்டர் மேல பழி போட. சாதாரணமா உடைச்சா யார் வேணா திருடன். ஒட்ட வச்சா உஸ்மான் மட்டும்தான் திருடன்."

அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும். நேராக வெளியே வந்து வெற்றிவேல் முன்னால் நின்றேன். மாமனார் தூங்கும்போது இடுப்புச் சாவியை உருவ மாப்பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"கண்ணாடியைக் கழட்டுங்க மிஸ்டர் வெற்றிவேல்!"

மூன்று வருஷமாக இப்படி ஒரு வசனம் பேசக் காத்திருந்தேன். அவர் கழற்றினார். இமைகள் பீளையில் ஒட்டி, கண் குங்குமமாகச் சிவந்து வீங்கியிருந்தது. கலப்படமில்லாத மெட்ராஸ் ஐ. நான் இரண்டடி பின்னால் போனேன்.

"இன்னையோட எட்டு நாள் மேடம்," என்றார் பரிதாபமாக. "வலது கண்ணுல ஆரம்பிச்சு இடதுக்குப் போச்சு. ஒய்ஃபுக்கு, பசங்களுக்கு, எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

சாலமோன் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு எனக்கானது. பிறகு மெதுவாகப் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்ப வந்துச்சு ஏகநாதன் சார்?"

"வெள்ளிக்கெழம ராத்திரி."

"முதல்ல எந்தக் கண்ணு?"

"ரெண்டுந்தான். ஒரேடியா மணல் கொட்னா மாரி…" என்று சொன்னவர் ஏனோ நிறுத்திக்கொண்டார். அப்போது விமானம் எதுவும் போகவில்லை.

"கழட்டுங்க."

"ஒங்களுக்கும் ஒட்டிக்கும் சார்."

"ஒட்டட்டும்."

கழற்றினார். இரண்டு கண்ணும் பால்போல் வெளுத்திருந்தன. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"மாமா!" என்று கத்தினார் வெற்றிவேல். குரலில் உண்மையான பொறாமை. "ரெண்டே நாள்ல போயிடுச்சா? எந்த டிராப்ஸ் மாமா போட்டீங்க? எனக்குச் சொல்லவே இல்லையே!"

"துண்டையும் எடுங்க," என்றார் சாலமோன்.

ஏகநாதன் துண்டை இறுக்கிப் பிடித்தார். வெற்றிவேலே உதவி செய்யும் ஆர்வத்தில் துண்டை உருவினார். சட்டையின் மேல் இரண்டு பட்டன் திறந்திருக்கும் இடத்தில், முக்கோணமாகத் தோல் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. மேலே சந்தனம் பூசியிருந்தார். அந்தச் சிவப்பின் நடுவே, வேகாத வெள்ளைத் தோலில் ஒரு வேல் தெரிந்தது. விரல் நீளத்தில், முனையோடு, தெளிவாக.

"இங்க இருந்த டாலர் எங்க?" என்றார் சாலமோன்.

"குன்றத்தூர் மலைல வாங்கனது. எரியுதேன்னு… கழட்டி சாமி ரூம்ல வச்சிகீறேன்."

"முருகன் தன் இடத்தை மட்டும் காப்பாத்திக்கிட்டாரு," என்றேன்.

சாலமோன் சவுரிமுத்துவுக்குப் போன் போட்டார். "உஸ்மானையும் கூட்டிட்டு வாங்க. வெல்டிங் வெளிச்சத்துல கழுத்து வெந்த ஒருத்தர் இங்க இருக்கார். அவர் வெல்டர் இல்ல." அடுத்த போன் தனக்கோடிக்கு.

ஐந்தேகாலுக்கு மாடி நிறைந்துவிட்டது. சவுரிமுத்து, உஸ்மான், ஜீப்புக்குப் பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்த நிகத். தனக்கோடி கையில் ஒரு மஞ்சள் பையோடு, மூச்சு வாங்க ஏறி வந்து, அண்ணனிடம் பேசாமல் நின்றாள்.

"கழுத்து செவந்தா கேஸ் ஆயிடுமா சார்?" என்றார் சவுரிமுத்து. நாலு போன் பண்ணிய பெரிய மனிதரை விட அவருக்கு மனசில்லை. "வேர்க்குரு கூட இருக்கலாம். பத்திரம் எங்க?"

மதியம் நாங்கள் கேட்ட அதே கேள்வி. மூன்று மணி நேரத்தில் அது அவருக்கு முக்கியமாகிவிட்டது.

ஏகநாதனுக்குத் தெம்பு வந்தது. "அதான! எனக்கு இன்னா தெரியும்? இவன இஸ்துகினு போய் நாலு தட்டு தட்டுங்க, தானா சொல்லுவான்."

மணி ஐந்து முப்பது. நிகத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலமோன் மிஷினைத் திறந்து சுருளைக் காட்டினார்.

"கால்வாசிக் கம்பி காலி. ஜன்னல்ல இருக்கறது நாலு கட்டி. மீதி எங்க போச்சு, ஜெயஸ்ரீ?"

எனக்கு எப்படித் தெரியும்? வாய் வரை வந்த பதிலை விழுங்கினேன். உள்ளங்கையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் துரு ஒட்டியிருந்தது.

"பாஸ்," என்றேன். "புறா வரிசையா எச்சம் போடுமா? நாலு பக்கமும், கோடு போட்ட மாதிரி?"

எல்லாரும் பம்ப்செட் பெட்டியைப் பார்த்தார்கள். ஏகநாதன் மட்டும் தரையைப் பார்த்தார்.

"கட் பண்ணுய்யா," என்று உஸ்மானுக்குக் கட்டளை வந்தது, இரண்டு நாள் அவனை அடைத்து வைத்த அதே வாயிலிருந்து.

அவன் உடனே ஆரம்பித்தானா? கொடியில் இருந்த துணிகளை எடுத்து நிகத்திடம் கொடுத்தான். ஒரு வாளித் தண்ணீர் கேட்டான். ஷூ கயிற்றை இறுக்கினான், கையுறை மாட்டினான், கண்ணாடி போட்டான், கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்தான்.

"சீக்கிரம்யா!" என்றார் சவுரிமுத்து.

"இருங்க சார். மூடி கீற டப்பா. உள்ள இன்னா கீதுன்னு தெரியாம தொடக் கூடாது." ஏகநாதனிடம் திரும்பினான். அவன் குரலில் கோபமே இல்லை. "ஐயா, உள்ள இன்னா வச்சிகீறீங்க? பெட்ரோலு, தின்னரு எதுனா கீதா? சொல்லிடுங்க. பொறி பட்டா அல்லாருக்கும் ஆபத்து. புள்ளைங்க வேற கீழ கீது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா," என்றார் ஏகநாதன். "பத்திரம் மட்டுந்தான். பிளாஸ்டிக் கவர்ல போட்டு—"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. இருபது வருஷ அனுபவம், என் அறிவு, காவல்துறை எல்லாம் சேர்ந்து வாங்க முடியாததை ஒரு பாதுகாப்பு விதி வாங்கிவிட்டது. சவுரிமுத்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

ஆனால் உஸ்மான் முகம்தான் செத்துப்போனது. "பிளாஸ்டிக் கவர்லயா? அத்த உள்ள வச்சிட்டா மேல வெல்டிங் அடிச்சீங்க?"

"ஏன்? பொட்டி இரும்புதான?"

உஸ்மான் இரும்பு அறுக்கும் மிஷினை ஓட்டி மூன்று பக்கம் அறுத்தான். மூடி திறந்தபோது கருகிய வாடை அடித்தது. உள்ளே உருகி இறுகிய பிளாஸ்டிக் கட்டியும், கறுப்பாகச் சுருண்ட காகிதமும். ஏகநாதன் கையை விட்டு எடுத்தார். விரல் பட்ட இடமெல்லாம் பொடிந்தது. முத்திரைத்தாளின் ஒரு மூலை மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு மிஞ்சியிருந்தது.

"எங்கப்பன் எனக்குன்னு விட்டுட்டுப் போனதும்மா. பத்திரம் தொலஞ்சா நீ பங்கு கேக்க முடியாதுன்னு நெனச்சேன்," என்றார் தங்கையிடம். கண்ணில் இப்போதுதான் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

"எனக்கும் அவருதாண்ணா அப்பன்," என்றாள் தனக்கோடி. மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். "அந்தப் பத்திரத்துக்கு நகலு போன மாசமே ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மனு போட்டு வாங்கிட்டேன். வக்கீலு அதுவே போதும்னுட்டாரு. நீ கேட்டிருந்தா ஒனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பேன்."

ஏகநாதன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து விமானம் இறங்கியது. நாங்கள் எல்லாரும் ஊர் வழக்கப்படி காத்திருந்தோம். சத்தம் முழுசாக அடங்கிய பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சவுரிமுத்து அவரை ஜீப்புக்கு அழைத்துப் போனார். உஸ்மானிடம் மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? "கெளம்புய்யா" என்றார். அது போலீஸ் பாஷையில் ரொம்பப் பெரிய வார்த்தை. நிகத் கேரியரை அங்கேயே, மாடிப்படியிலேயே திறந்து வைத்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் ஆறிய சோற்றைச் சாப்பிட்டார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் செல்போன் அடித்தது. தடவித் தேடி எடுத்தேன்.

"அக்கா, அவரு பிளைட்டு ஏறிட்டாரு!" நிகத் சிரித்துக்கொண்டே அழுதாள். "இப்பதான் தலைக்கு மேல போவுது. வெளிய வந்து பாருங்கக்கா, ஒங்களுக்கும் தெரியும்!"

எழுந்து ஜன்னல் வரை போனேன். சத்தம் நன்றாகக் கேட்டது. கண்ணைத் திறக்கப் பார்த்தேன், இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. வெற்றிவேல் கொடுத்த விசிட்டிங் கார்டு இன்னும் என் பையில்தான் இருந்தது.

"பாத்துட்டேம்மா," என்றேன். "நல்லாத் தெரியுது."